நான்கு நிமிடம் பத்து விநாடி

என் வேலை வெட்டுவது, ஒட்டுவது.
கோலாலம்பூரில் ஒளிபரப்பு நிலையத்தின் பின்கட்டு.
ஜன்னல் இல்லாத அறை. குளிர்சாதனம் உண்டு,
அதுவும் எனக்காக இல்லை, படச்சுருளுக்காக.

வியாழன் இரவு ஒன்பதுக்கு அந்தச் சாகசத் தொடர்.
கறுப்பு வெள்ளை. வெள்ளைக்கோட்டு நாயகன்
வாரம் ஒரு நாட்டில் விமானம் விட்டு இறங்குவான்,
கோட்டு கசங்காமல் யாரையாவது காப்பாற்றுவான்.
அந்த வாரம் இறங்கிய நாடு
எந்த வரைபடத்திலும் இல்லாதது.
அரசியின் கழுத்து மாலையைக் காணோம்.
பதினொரு மாணிக்கம். எல்லாம் சாம்பல் நிறம்;
சிவப்பு என்று வசனம் சொன்னதால் நம்பினேன்.

எடுத்தவர் மந்திரி.
விற்பதற்கு இல்லை.
மேசைமேல் அரண்மனைப் படத்தை விரித்து
வாயிலுக்கு ஒரு கல், பாலத்துக்கு ஒரு கல்,
வானொலி நிலையத்துக்கு ஒரு கல்
என்று வைத்துக்கொண்டே போகிறார்.
கல்லுக்கு ஒரு கர்னல்.
காவற்படைக் கர்னல் மட்டும் முன்பணம் கேட்கிறான்.
மந்திரியின் கை மெல்லத் திறக்கிறது.

என்சிக் ஜமாலுடின் விளக்கைப் போட்டார்.
"நகை திருடு போகலாம், சவரி.
நாற்காலி திருடு போகக்கூடாது."
கெட்ட மனிதர் இல்லை.
மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும்.

வெட்டினேன்.
மேசைக் காட்சி. படிக்கட்டில் கிசுகிசுத்தது.
கடைசியில் விலங்கு மாட்டுவது,
கர்னலின் பூட்ஸிலிருந்து கல் உருளுமே, அதுவும்.
நூற்றைம்பது அடி.
அந்த இடத்தை ஒரு சோப்பு விளம்பரம் நிரப்பியது.

ஆக, மக்கள் பார்த்தது இது:
மாலை தானாகக் காணாமல் போயிற்று.
நாயகன் எதற்கோ மாடியிலிருந்து குதித்தான்.
மாலை தானாகத் திரும்பிற்று.
விருந்தில் அரசிக்குப் பக்கத்தில் நின்று
மந்திரி கோப்பையை உயர்த்தினார். சுபம்.

நான்தான் அவரை விடுதலை செய்தேன்.
நாடு முழுக்க ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை,

ஒருத்தியைத் தவிர.
தவமலர் இன்னாசி, ரயில்வே குவார்ட்டர்ஸ், செந்தூல்.
கோடு போட்ட தாள், நீல மை.
"விருந்தில் அரசி கழுத்தில் பத்துக் கல்தான் ஐயா.
தவணையில் வாங்கிய டிவி,
கண்கொட்டாமல்தான் பார்க்கிறோம்.
பதினொன்றாவது எங்கே?"

தமிழ்க் கடிதமெல்லாம் என் மேசைக்கு வரும்.
தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்
என்று எழுதி முத்திரை குத்தினேன்.
பத்து நாளில் பதில் வந்தது, ஒரே வரி:
"கோளாறுக்குச் சட்டைப்பை உண்டா?"

சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய்.
மீன்கறியோடு நன்றாகவே இறங்கியது.
ஆனால் எதைப் பார்த்தாலும் எண்ணத் தொடங்கினேன்.
பஸ் கண்டக்டரின் பித்தான்களை,
செந்தூல் கேட்டில் கடக்கும் சரக்குப் பெட்டிகளை,
பத்தோடு நின்றால் எரிச்சல் வந்தது.

வெட்டியதை எரிக்கவேண்டும் என்பது விதி.
எரித்ததாக என் கையெழுத்து இருக்கிறது.
சுருள் என் கட்டிலுக்கடியில், பிஸ்கட் டின்னில்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து
கதவைத் தாழிட்டு, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கட்டம் கட்டமாக மந்திரியின் விரல்கள் விரிந்தன.
ஒரு கட்டத்தில் உள்ளங்கை நடுவே
கடுகளவு வெள்ளைப் புள்ளி.
அந்த ஒன்றை மட்டும் கத்தரித்தேன்.
யாரும் சொல்லாமல் நான் போட்ட முதல் வெட்டு.
உறை. தபால்தலை. அனுப்புநர் இடம் காலி.

மறுவாரம் நிலையத்துக்கு ஒரு தபாலட்டை:
"பதினொன்று. கணக்கு நேர். த.இ."

என்சிக் ஜமாலுடின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.
"என்ன எழுதியிருக்கிறார்கள், சவரி?"

கோளாறு சரியாகிவிட்டதாம் என்றேன்.